இரண்டு வண்டி, மூன்று நாள், நீடாமங்கலம் கேட்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சிங்கப்பூர் போவார்கள், துருக்கி போவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் கொடைக்கானலாவது போவார்கள். நான் போனது பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர், மறுநாள் கும்பகோணம், அதற்கு மறுநாள் நீடாமங்கலம். ஆனால் ஓட்டிய வண்டிகள் இரண்டும் ஓசி. வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள் என்று ஷோரூம்காரர்கள் தருகிற வண்டி. பெட்ரோல் அவர்களுடையது, ஏசி அவர்களுடையது, பதற்றம் மட்டும் நம்முடையது.

எனக்கு வேலை நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். மருந்தாளுநர் என்று போர்டில் போட்டிருக்கும், ஊர்க்காரர்களுக்கு மாத்திரைக்கார அம்மா. பாபநாசத்திலிருந்து போக மூன்று பஸ். முதல் பஸ் சாலியமங்கலம் வரை, இரண்டாவது நீடாமங்கலம் வரை, மூன்றாவது ஒரு மினி பஸ். அது டிரைவருக்கு மனசு வந்தால் வரும். நேரத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டு மெமோ வாங்கிவிட்டேன். "இன்னொரு தடவ லேட்டா வந்தா மேல எழுதிடுவேன் ஷமீமா. அப்பறம் வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆகவே கார். கடனில் பாதி என் சம்பளம், பாதி குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஜமால் அனுப்புவது. குட்டியாகவும் இருக்க வேண்டும், உயரமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ரோட்டில் பாதி நாள் நெல் காயும், மீதி நாள் பள்ளம் இருக்கும். தேடித் தேடி இரண்டு எஸ்யூவியில் வந்து நின்றோம். ஒன்று சிவப்பு, தஞ்சாவூரில் இருந்தது. இன்னொன்று வெள்ளை, கும்பகோணத்தில் இருந்தது. இதுவரை சண்டை இல்லை. ஓட்டுவது யார் என்பதில்தான் வந்தது.

"நான்தான், வேற யாரு" என்றேன். கும்பகோணத்தில் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன்.

"லைசென்ஸ் இருக்கறது வேற, ஓட்டறது வேற. பாரூக் ஓட்டட்டும். தெனமும் உன்னைக் கொண்டுபோய் விடுவான்" என்றார் ஜமால்.

பாரூக் அவருடைய தம்பி. பாபநாசம் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடை திறப்பது பதினொரு மணிக்கு, அவன் கண் திறப்பது பத்து மணிக்கு. அவன் என்னைக் கொண்டுபோய் விட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் நான் கையெழுத்துப் போட முடியும். சாவி என் கையில் இல்லையென்றால் வேலையும் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். "ரெண்டு வண்டியையும் ஓட்டிக் காட்டு. நான் வீடியோவுல பாக்கறேன். பாத்துட்டு சாவி யாருக்குன்னு சொல்றேன்."

அவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது, ஏனென்றால் அவர் குவைத்தில் முதலாளியின் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் தெருவுக்கே தெரியும். குவைத் போய்ப் பதினொரு வருஷம், ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரு காரில் சாய்ந்தபடி போட்டோ வரும். ஒரு வருஷம் கறுப்பு, ஒரு வருஷம் வெள்ளி நிறம், போன வருஷம் எங்கள் தெரு அகலத்துக்கு ஒன்று. "ஜமால் அங்க என்னா மாதிரி வண்டியெல்லாம் ஓட்டறான் பாரு" என்று அந்தப் போட்டோக்களை மாமி, அதாவது அவருடைய அம்மா, தெரு முழுக்கக் காட்டிவிட்டு வருவார்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை, அதற்கும் மறுநாளைக்கும் லீவு சொல்லியிருந்தேன். பாரூக் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும் என்பதால் நானும் மாமியும் மட்டும் பஸ் ஏறினோம். மாமியைக் கூப்பிடவில்லை. ஆனால் நான் புறப்படும்போது அவர் புர்க்கா போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே இறால் வாடா. மாமி பிறந்த ஊர் நாகூர்ப் பக்கம், அரிசிமாவில் இறாலும் வெங்காயமும் வைத்துப் பொரிக்கிற இந்தப் பண்டம் இல்லாமல் அவர் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்.

ஷோரூமில் டை கட்டிய ஒரு தம்பி வரவேற்றார். "சார் வரலீங்களா மேடம்?"

"இந்தா இருக்காரு" என்று போனைத் திருப்பிக் காட்டினேன். டைத் தம்பி போனுக்கு வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. இஞ்சினைப் பற்றி, டயரைப் பற்றி, மோதினால் உப்புகிற பையைப் பற்றி எல்லாமே போனிடம்தான் சொன்னார். நான் போனைப் பிடித்திருந்த கோணத்தில் ஜமாலுக்குத் தெரிந்தது கூரையில் ஓடிய மின்விசிறி மட்டும். அவரும் அதைப் பார்த்துக்கொண்டே "சஸ்பென்ஷன் எப்படி?" என்று விசாரித்தார்.

மாமி பின் சீட்டில் ஏறி இறங்கி ஏறினார். முட்டி வலிக்கவில்லை என்று அறிவித்தார். டைத் தம்பி உற்சாகமாகி ஒரு பொத்தானை அமுக்க, கூரை நடுவில் பிளந்து பின்னால் போனது. மாமி புர்க்காவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"மூடுங்க தம்பி. வெயில்ல காயவா வண்டி வாங்கறோம்? மழ பெஞ்சா யாரு தொடைக்கிறது?"

கூரை மூடிக்கொண்டது. அந்தப் பேச்சை அந்தத் தம்பி அப்புறம் எடுக்கவே இல்லை.

சிவப்பு வண்டி கிளட்ச் உள்ளது. போனை முன்னால் ஒரு பிடியில் மாட்டினோம், என் முகமும் கொஞ்சம் ரோடும் தெரிகிற மாதிரி. பிஸ்மி சொல்லி எடுத்தேன். ஷோரூம் வாசலிலேயே நின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன். பைபாஸ் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் நின்றது. பின்னால் ஒரு டவுன் பஸ், அந்த டிரைவர் ஹாரன்மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"பதறாத. கிளட்ச முழுசா அமுக்கு. ஒண்ணாம் கியரப் போடு. இப்ப கிளட்ச மெதுவா விடு, மெதுவா" என்றது குவைத். வண்டி கிளம்பியது.

"சார் பிரமாதமா கைட் பண்றாங்க" என்றார் டைத் தம்பி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பைபாஸில் மூன்றாவது கியர் விழுந்ததும் அந்த வண்டி எனக்குப் பிடித்துவிட்டது. நான் சொன்னதைக் கேட்டது. நான் மிதித்தால் போனது, நான் விட்டால் நின்றது. வீட்டில் நான் சொல்லி எதுவும் அப்படி நடந்து பழக்கமில்லை.

குவைத்திலிருந்து பேச்சு வந்து சேர மூன்று நொடி ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு வளைவில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. நிறுத்தினேன். ஆடுகள் கடந்தன. மேய்க்கிறவர் கடைசி ஆட்டைத் தட்டிவிட்டுத் தானும் கடந்தார். ரோடு காலி. நான் வேகமெடுத்தபோது, "பிரேக்கு, பிரேக்கு, ஆடு" என்று ஜமால் கத்தினார். நானும் எந்த ஆடு என்று யோசிக்காமல் மிதித்துவிட்டேன். தூக்குவாளி முன்னால் பறந்தது. டைத் தம்பியின் மடியில் நான்கு வாடா.

அவர் பதறவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இறாலுங்களாம்மா?" என்று மாமியிடம் கேட்டார். மாமிக்கு அந்த நிமிஷத்திலிருந்து சிவப்பு வண்டி நல்ல வண்டி.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தோம். அய்யம்பேட்டை வரை என் காலை ஒரு சாக்குமூட்டை அழுத்திக்கொண்டிருந்தது, மாமிக்கு மட்டும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என் இடது கால் தானாகக் கிளட்ச் அமுக்கிப் பார்த்தது. ஜமாலிடமிருந்து செய்தி வந்திருந்தது: "பரவால்ல. ஆனா ரெண்டு தடவ ஆஃப் ஆச்சு."

இரண்டாம் நாள் கும்பகோணம். இந்தத் தடவை பாரூக்கும் வந்தான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உடம்பு முழுக்க அத்தர். எத்தனையோ வாசனை பிடித்த ஊர் கும்பகோணம், அன்றைக்கு அது பாரூக்கைத்தான் திரும்பிப் பார்த்தது. ஷோரூமில் காபி கொடுத்தார்கள். கும்பகோணத்தில், சாமி, மெஷின் காபி. அட்டைக் கப்பில். மாமி ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைத் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார். செடிக்கு ஊற்றவில்லை, அதன்மேல் அவருக்கு ஒன்றும் கோபமில்லை.

இங்கே எங்களோடு வந்தவர் செந்தில். நாற்பது வயதிருக்கும், நிதானமான மனுஷன். வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து வைத்து என்னைப் பார்த்து, "நீங்கதான ஓட்டப் போறீங்கக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாரூக் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"மொதல்ல நான் ஒரு ரவுண்டு பாத்துர்றேன் மச்சி. அண்ணன் அதான் சொன்னாரு." அண்ணன் மனைவியை எங்களில் மச்சி என்பார்கள்.

ஒரு கை ஜன்னலில், ஒரு கை ஸ்டியரிங்கில். நன்றாகத்தான் ஓட்டினான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டினது டெஸ்ட் டிரைவ் இல்லை, கடைக்குச் சரக்கு எடுக்க. பெரிய கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தி, "ரெண்டே நிமிஷம், டெம்பர்டு கிளாஸ் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டான். நிறுத்தக் கூடாத இடம். முன்னால் காய்கறி வண்டி, பின்னால் ஷேர் ஆட்டோ, தூரத்தில் போலீஸ்காரர். "அக்கா, நீங்க எடுத்துருங்க" என்றார் செந்தில். மாமி பின்னால் ஏசிக் காற்றில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் இறங்கிச் சுற்றிவந்து உட்கார்ந்தேன். பிடியில் மாட்டியிருந்த போனில் ஜமால் விழித்துக்கொண்டார்.

"ஷமீ, பதறாத. கிளட்ச முழுசா அமுக்கு."

கீழே பார்த்தேன். கால் வைக்க இரண்டுதான் இருந்தது.

"மச்சான், இதுல கிளட்ச் இல்ல."

மூன்று நொடி.

"இருக்கும் பாரு. இடது பக்கம் ஓரமா. மூணு இருக்கும்ல."

"ரெண்டுதான் இருக்கு. கியரும் இல்ல. இது தானா மாறிக்குமாம்."

மறுபடி மூன்று நொடி. அழைப்பு அறுந்து போனது.

செந்தில் சொன்னபடி பிரேக்கை மிதித்து, ஒரு குச்சியை இழுத்து, காலை எடுத்தேன். வண்டி வெண்ணெயாய் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணன் குவைத்துல டிரைவர்னு தம்பி சொன்னாரு. எத்தன வருசமா ஓட்டறாங்க?"

"பதினொண்ணு."

"நானும் தோஹாவுல ஆறு வருசம் டிரைவரா இருந்தேன். அங்கெல்லாம் கிளட்ச் வெச்ச காரு தேடினாலும் லேசுல கெடைக்காதுங்கக்கா. எல்லாம் இதே ரெண்டு பெடலுதான்." சொன்ன மறுநிமிஷமே அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அண்ணன் கம்பெனில பழைய லாரி கிரி வெச்சிருப்பாங்க. அதான் அப்படி வருது" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

பாரூக்கின் இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடியது. நான் மகாமகக் குளத்தை நான்கு தடவை சுற்றினேன். வெள்ளை வண்டியில் கைக்கும் காலுக்கும் வேலை இல்லை, மனசு முழுக்க ஆத்திரப்படுவதற்கு ஒழிந்து கிடந்தது. பதினொரு போட்டோக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் வெளியேதான் நிற்கிறார். ஒன்றில்கூட உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அஸர் தொழுதுவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்ப் போன் போட்டேன். வீடியோ வேண்டாம் என்று வெறும் குரலில்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

அந்தப் பக்கம் அவர் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியாது" என்றார்.

உண்மையில் அவருக்கு ரொட்டி பேக்கரியில் அடுப்படி வேலையாம். தங்கும் இடத்திலிருந்து வேலைக்குக் கம்பெனி பஸ், வேலையிலிருந்து திரும்பவும் கம்பெனி பஸ். அங்கே லைசென்ஸ் எடுப்பது அவர்மாதிரி ஆட்களுக்கு லேசில் நடக்காதாம். முதல் பெருநாளைக்குச் சும்மா ஒரு காரில் சாய்ந்து போட்டோ அனுப்பியிருக்கிறார். ஊரில் எல்லோரும் உன்னுடையதா என்று கேட்க, முதலாளியோடது, நான்தான் ஓட்டுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். பிறகு நிறுத்த முடியவில்லை.

"அப்பறம் கிளட்ச அமுக்கு, மெதுவா விடுன்னு அவ்வளவு சொன்னீங்களே?"

"வீடியோ பாத்தேன். தமிழ்ல நெறைய போட்டிருக்காங்க. ஷிப்ட் முடிஞ்சி வந்து ஒரு வாரமா தூங்காம பாத்தேன். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்." அப்புறம், "ரெண்டு பெடல் வண்டிக்கு வீடியோ பாக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அதைவிடப் பெரிய கோபம் காத்திருந்தது.

"சரி. ஒங்களுக்குத் தெரியாட்டி போகுது. எனக்குத் தெரியும்ல. சாவிய எதுக்குப் பாரூக்குக்குக் குடுக்கணும்?"

"சாவி அவன்கிட்ட இருந்தா, நான் லீவுல வர்றப்ப அவன்தான் ஓட்டுவான், நான் பக்கத்துல இருப்பேன். அண்ணன் தம்பி போறாங்கம்பாங்க. உன்கிட்ட இருந்தா, புருசன் வந்திருக்கான், எடுத்து ஓட்ட வேண்டியதுதானேன்னு தெருவே கேக்கும். அம்மாவே கேப்பாங்க. நான் என்னா சொல்றது?"

"ஒங்க போட்டோவக் காப்பாத்த என் வேலை போகணுமா மச்சான்?"

தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார். சொல்லமாட்டேன் என்றேன். ஆத்திரத்தில் கொடுத்த வாக்கானாலும் வாக்கு வாக்குதானே. போனை வைத்துவிட்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். வேலைக்காக அழுதேனா, ஒரு வாரம் தூங்காத அந்த மனுஷனுக்காக அழுதேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. இரண்டு வண்டியையும் ஒரே ரோட்டில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நான் தினமும் வேலைக்குப் போகிற வழியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஷோரூமிலும் கேட்டிருந்தேன். காலையில் இரண்டும் எங்கள் தெருவுக்கு வந்து நின்றன. தெரு திரண்டுவிட்டது. எதிர்வீட்டு சரோஜாக்கா, "ரெண்டு எடுத்துட்டியா ஷமீ?" என்றார். இல்லைக்கா, ஓட்டிப் பார்க்கத்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே ஓடி எட்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து இரண்டு வண்டிச் சக்கரத்துக்கும் வைத்துவிட்டார். டைத் தம்பி, "இது ஷோரூம் வண்டிங்க, விக்கறதுக்கு இல்லீங்க" என்று கெஞ்சினார். "இருக்கட்டும், அதுக்கும் கண்ணு படும்ல" என்றார் சரோஜாக்கா. எட்டுப் பழத்தையும் நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

சிவப்பில் நான், மாமி, டைத் தம்பி. பின்னால் வெள்ளையில் பாரூக்கும் செந்திலும். போன் பிடியில் ஜமால் இருந்தார். கண் வீங்கியிருந்தது. ஸலாம் மட்டும் சொன்னார்.

தை கடைசி, சம்பா அறுவடை. சாலியமங்கலம் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு நெல் பரப்பியிருந்தார்கள், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்து. கல்லுக்கு இந்தப் பக்கம்தான் வண்டி போக வேண்டும், நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எதிரே அறுவடை மெஷின் ஒன்று ரோட்டையே அடைத்துக்கொண்டு வந்தது. அது பின்னால் போகாது. நான்தான் போக வேண்டும். ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் வாய்க்கால். பாரூக் வெள்ளையைப் பின்னால் எடுத்து இடம் விட, நானும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மதகு வரை வந்து ஒதுங்கினேன். கல் ஒன்றை மட்டும் தள்ளிவிட்டேன். ஒரு அம்மா அதை எடுத்து மறுபடி வைத்துவிட்டு, "போம்மா, போம்மா" என்று கையை ஆட்டினார். என் இரண்டாவது பஸ் சாலியமங்கலத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில் நான் அம்மாபேட்டையைத் தாண்டியிருந்தேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேட் மூடினால் ஒரு குடும்பக் கதையைச் சொல்லி முடிக்கலாம். இஞ்சின் இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், பெட்டியைக் கழற்றும், மாட்டும். இங்கே வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பே பேசியிருந்தோம். எல்லோரும் இறங்கினோம். இரண்டு சாவியையும் பாரூக் வாங்கி ஒரே வளையத்தில் மாட்டி விரலில் சுழற்றினான்.

கேட்டில் நிற்கிற சனத்துக்கு வேறு வேலை இல்லை. ஒரே மாதிரி உயரத்தில் இரண்டு புது வண்டி நிற்கவும், முதலில் டிராக்டர்காரர் ஒருவர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார். தனியார் பஸ் கண்டக்டர் வந்தார். அவித்த கடலை விற்கிற அம்மா கூடையோடு வந்தார். யாரோ பானெட்டைத் திறக்கச் சொல்ல, டைத் தம்பியும் செந்திலும் போட்டி போட்டுத் திறந்து காட்டினார்கள். கண்டக்டர் வெள்ளையில் ஏறி உட்கார்ந்து, "இடுப்புக்கு நல்லாருக்கு" என்றார். கடலைக்கார அம்மா இரண்டின் பின் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, சிவப்பில்தான் கூடை நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னார். மாமி அவருக்கு ஒரு வாடா கொடுத்தார், அவர் மாமிக்கு ஒரு படி கடலை கொடுத்தார்.

"சரி, ஓட்டப் போறது யாரு?" என்றார் டிராக்டர்காரர். "அத வெச்சில்ல வண்டி சொல்லணும்."

"இப்போதைக்கு நாந்தாங்க" என்றான் பாரூக். "எங்கண்ணன் குவைத்துல பெரிய டிரைவரு. வந்தா அவரு ஓட்டுவாரு. இந்தா, லைன்லயே இருக்காரு." சிவப்பு வண்டியிலிருந்து போனைக் கழற்றி எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான்.

டிராக்டர்காரர் போனுக்கு நேரே குனிந்தார். "நீங்களே சொல்லுங்க பாய். அங்க அத்தன வண்டி ஓட்டியிருக்கீங்க. இதுல எது தேவல?"

ஒரு இருபது பேர் போனைப் பார்த்தார்கள். செந்தில் மட்டும் பானெட்டுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி எனக்கு. வேலை எனக்கு. வாக்குக் கொடுத்த வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். அவர் சிவப்பு என்றோ வெள்ளை என்றோ சொல்லப் போகிறார், இனி தினமும் பாரூக் எழுந்திருக்கும்வரை நான் வாசலில் நிற்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்றார் ஜமால்.

யாருக்கும் புரியவில்லை. பாரூக் போனைத் தன் பக்கம் திருப்பினான். "அண்ணே?"

"தெரியாதுடா. அதெல்லாம் சும்மா நின்னு எடுத்த போட்டோ. எனக்கு அடுப்படி வேலை. ஓட்டறது ஷமீமாதான். எது வேணும்னு அவளக் கேளுங்க. சாவிய அவ கையில குடு."

ஒரு இஞ்சின் கூவிக்கொண்டு கடந்து போனது. பாரூக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, சின்னப் பிள்ளை அழப்போகிற மாதிரி இருந்தது. வளையத்தோடு இரண்டு சாவியையும் என் உள்ளங்கையில் வைத்தான். மாமி யார் முகத்தையும் பார்க்காமல் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கடலை வாய்க்குப் போகாமல் மடியிலேயே சேர்ந்துகொண்டிருந்தது.

டிராக்டர்காரர்தான் முதலில் சுதாரித்தார். "அப்ப நீ சொல்லும்மா. எது?"

"சிவப்பு" என்றேன். "நான் சொல்றதக் கேக்குது."

கண்டக்டருக்கு வருத்தம்தான், முகத்திலேயே தெரிந்தது. கேட் தூக்கினார்கள். ஒரே சமயத்தில் நாற்பது ஹாரன். வெள்ளைச் சாவியைக் கழற்றிச் செந்திலிடம் கொடுத்தேன். உங்கள் வண்டியிலும் ஒரு குறையும் இல்லை என்றேன். "தெரியும்க்கா" என்று சிரித்தார். பாரூக் வந்து பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். போனைப் பிடியில் மாட்டினேன். ஜமால் தலையைக் குனிந்திருந்தார்.

"மச்சான், போயித் தூங்குங்க" என்றேன். "லீவுல வாங்க. நான் கத்துத் தர்றேன்."

சிரித்தாரா என்று தெரியவில்லை, படம் அப்படியே நின்றுவிட்டது. நான் வண்டியை எடுத்தேன். தண்டவாளத்தில் நிற்காமல் ஏறி இறங்கியது.

சுகாதார நிலையத்துக்குத் திரும்புகிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது மாமி முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டார்.

"ஏன் புள்ள, சோத்து நேரத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாமா?"

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதை மாமி மகன்களில் யாரையாவதுதான் கேட்பார். நான் கூடவே போவேன். என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போயிடலாம் மாமி" என்றேன்.